பரஸ்தானப் பையோடு வடக்கே

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ இன்னும் பிறக்கவே இல்லை. எனக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன். வார இதழ்களில் அப்பாக்களும் அம்மாக்களும் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை நான் ஒன்று விடாமல் படிப்பேன். எல்லாரும் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். பயந்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் அறிவுரைக்குப் போய்விடுகிறார்கள். பயம் எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு மறந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். நானும் மறந்துவிடுவேன். அதனால் மறப்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்கிறேன். நீ படிப்பை முடித்து, வேலைக்குப் போய், என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை எதிர்த்துப் பேசும் வயது வந்ததும் இதைப் படி.

இப்போது நான் ஒரு ரயிலின் மேல் பெர்த்தில் போர்வைக்குள் இருக்கிறேன். பெட்டியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் கொடுத்த சின்ன டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். சென்னையிலிருந்து நாக்பூருக்குப் போகிறேன். தனியாக. இதுவரை நான் தனியாகப் போன அதிக தூரம் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைதான், அதுவும் பகலில். எழுத்து கோணலாக வருவது ரயில் ஆடுவதால்தான் என்று முதலில் நினைத்தேன். கூடூரில் ரயில் நின்றது. அப்போதும் கோணலாகத்தான் வந்தது. தலைக்கு அடியில் ஒரு பழுப்பு ரெக்சின் பை இருக்கிறது. அது என்னுடையதில்லை. அதில் ஒரு குடும்பத்தின் எட்டுப் பேருடைய அசல் ஆதார் அட்டைகள் இருக்கின்றன. வியாழக்கிழமை விடியும்போது ஒரு காட்டின் வாசலில் அவற்றைக் காட்டாவிட்டால் அந்த எட்டுப் பேரையும் உள்ளே விடமாட்டார்கள். அவர்களை விடாவிட்டால் என் அம்மா தானாகத் தொடங்கிய தொழில் முதல் பயணத்திலேயே முடிந்துவிடும். பை ஏன் என்னிடம் இருக்கிறது என்று சொல்ல அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அம்மா தி.நகரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. காசியோ, நவக்கிரகமோ, சிங்கப்பூரோ, எதற்கும் அச்சடித்த தாள் ஒன்றுதான். எத்தனை மணிக்கு டிபன், எத்தனை மணிக்கு பஸ் என்று அதில் போட்டிருக்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, எந்த மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அதில் இருக்காது. அம்மா அதையெல்லாம் வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். “இன்னா மேடம், இவங்க டூர் போறாங்களா, பொண்ணு பாக்கப் போறாங்களா?” என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். போன ஆனி மாதம் ஒருநாள் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்தாள். இனி வீட்டிலிருந்தே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி பயணம் போட்டுத் தரப்போவதாகச் சொன்னாள். அதிலும் காட்டுப் பயணம். அம்மாவுக்குக் காடு பிடிக்கும். என் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் ஏறுவதற்கு முன்னால், “ஒரு தடவை செஞ்சு பாரு. சரியா வரலேன்னா ஆபீசுக்கே போயிடு, உன் சீட்டை வருஷக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கறதா மேனேஜர் சொல்லியிருக்காரு” என்றார். அம்மா சரி என்றாள். அப்பா கடலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு தடவைதான் இது.

முதலில் வந்தவர்கள் அண்ணாச்சி குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் புடவைக் கடை வைத்தவர்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். வடநாட்டுக் கோயில்களைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். அண்ணாச்சியும் அப்படித்தான் நினைத்திருந்தார். காசி என்று அவர் ஆரம்பிக்கும்போதே அவர் மனைவி, எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், குறுக்கே பேசினார்.

“கோயிலு எல்லாம் பாத்தாச்சு தாயி. இனி சாமிக்கு என்னையப் பாக்கணும்னா அது வீட்டுக்கு வரட்டும். எனக்குப் புலி பாக்கணும்.”

“இவளுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?” என்றார் அண்ணாச்சி. “புலியப் பாக்க வண்டலூர் போனா ஆகாதா?”

“கூண்டுக்குள்ள உக்காந்திருக்கதப் பாக்கவா? நாப்பது வருசமா கல்லாவுல உக்காந்து எனக்கே அது தெரியும்லா. நடக்கத நான் பாக்கணும்.”

அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். “இது ரெடிமேட் சட்டை இல்ல அண்ணாச்சி, அளவெடுத்துத் தைக்கறது. கொஞ்சம் கேள்வி கேக்கணும்” என்றாள். “அப்ப தையக்கூலி கூடும்லா” என்றார் அவர். ஆனால் சிரித்துவிட்டார். சிரித்தபோதே அவர் சம்மதித்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

அம்மா கேட்ட கேள்விகளை நீ கேட்டிருக்க வேண்டும், மகளே. எந்த ஹோட்டல், எத்தனை நட்சத்திரம் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பார்கள்? காலையில் காபி தாமதமானால் யாருக்குக் கோபம் வரும்? யாரால் ரொம்ப நேரம் பாத்ரூம் போகாமல் இருக்க முடியாது? யாரால் பேசாமல் இருக்க முடியாது? கடைசிக் கேள்விக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் மூத்த மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவரை ஆச்சி இல்லாத ஜீப்பில் போடுவதென்று அந்த இடத்திலேயே முடிவானது. அண்ணாச்சிக்கு முழங்கால் மடங்காது. அவருக்கு ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. வியாழக்கிழமை அவர் வெங்காயம் சேர்க்கமாட்டார். அதற்குத் தனிச் சமையல். ஊர் ஊராக விலை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் அம்மா சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டியதை நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் சிரித்தார்களே, அந்தக் கேள்விகள்தான் இவை.

உடையைப் பற்றிச் சொல்லும்போதுதான் சிக்கல். காட்டில் பளிச்சென்ற நிறம் கூடாது, மண் நிறம், காய்ந்த இலை நிறம், பாசி நிறம் மாதிரி மங்கலாக இருக்க வேண்டும் என்றாள் அம்மா. அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எங்க கடையில மங்கலே கெடையாதும்மா. மங்கலா வந்து நின்னா எங்க வாடிக்கையே போயிரும்.” ஆச்சி எழுந்து உள்ளே போய் மாடி அறையிலிருந்து ஒரு கட்டுப் புடவையை இறக்கி வரச்சொன்னார். எத்தனையோ வருஷமாக விற்காத சரக்கு. சேற்றுப் பச்சை, புகையிலை நிறம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத ஒரு சாம்பல். “இந்தக் கலரெல்லாம் எடுக்காதீய எடுக்காதீயன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். கேட்டீயளா? இப்பப் பாருங்க, புலிக்காக எடுத்திருக்கீய.” மல்லிகைப்பூவும் ஜவ்வாதும் கொலுசும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றதற்குத்தான் மருமகள் கொஞ்சம் முகம் சுளித்தார்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அம்மா அவர்கள் எட்டுப் பேரையும் என்னையும் கிண்டிக்குக் கூட்டிப் போனாள். ஒத்திகை. காட்டை ஒட்டிய பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசக்கூடாது என்றாள். எதையாவது பார்த்தால் கத்தக்கூடாது, கை நீட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைத் தொட வேண்டும். அவர் உன் கண் போகும் பக்கம் பார்ப்பார். அவ்வளவுதான் பாஷை. கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் போன் சாமி பாட்டோடு அடித்தது. சூரத்திலிருந்து யாரோ சரக்கு விஷயமாகக் கூப்பிட்டார்கள். “புலியா இருந்தா இந்நேரம் ஆர்டர் குடுத்துட்டுப் போயிருக்கும்” என்றார் மூத்த மாப்பிள்ளை. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. சர்தார் பட்டேல் சாலை வாகனச் சத்தத்துக்கு நடுவிலும் இலை விழுவது கேட்டது. அப்போது ஆச்சி அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கீரி பின்னங்காலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கீரிக்கே இப்படி இருக்கிறாரே என்று நினைத்தேன்.

இனிதான் பை. நாக்பூரை அடுத்த காட்டுக்குள் போக அனுமதி வியாழக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதற்குச் செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று அண்ணாச்சி நின்றுவிட்டார். நாள் மாற்ற வழியில்லை. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பரஸ்தானம். முந்தின நாள் நல்ல நேரத்தில் பயணப் பை ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும். திங்கட்கிழமை அவரே மயிலாப்பூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, சாமி அலமாரிக்குக் கீழே அந்தப் பழுப்புப் பையை வைத்தார். “சும்மா ஒரு துண்டப் போட்டு வச்சா பரஸ்தானம் ஆகாதும்மா. இது இல்லாமப் போக முடியாதுங்கற பொருளத்தான் வைக்கணும். எல்லாரோட ஆதாரும் இதுலதான் இருக்கு. நாளைக்கு நானே வந்து என் கையால எடுப்பேன். அது வரைக்கும் யாரும் தொடப்பிடாது.” அம்மா தொடவில்லை. அன்று சாயங்காலம் வீடு பெருக்கும்போது பையைச் சுற்றித்தான் பெருக்கினாள். நான் அன்றிரவே சாந்தோமில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டேன். டீச்சர் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். அம்மாவும் அண்ணாச்சி குடும்பத்தோடு போவதால், அவள் திரும்பும் வரை நான் டீச்சர் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

விடியற்காலை மழை கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அண்ணாச்சியின் வேன் அம்மாவையும் பையையும் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது. வேன் இந்தப் பக்கம் வர முடியாது, நேராக சென்ட்ரலுக்கு வந்துவிடுங்கள் என்று போன் வந்ததாம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆட்டோ தேடி, தன் மூட்டைகளோடு ஓடியிருக்கிறாள். ஒருநாள் முழுக்கத் தொடாமல் இருந்து பழகிய பை அவள் கண்ணிலேயே படவில்லை. அண்ணாச்சியோ, நாம்தான் போகவில்லையே, அம்மா எடுத்து வந்திருப்பாள் என்று நிம்மதியாக ஏறிவிட்டார். ரயிலில் ஒருவர் அட்டையைக் காட்டினால் போதும். அம்மா தன்னுடையதைக் காட்டிவிட்டாள். பையைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

சாயங்காலம் பள்ளி விட்டதும் வேதியியல் புத்தகத்தை எடுக்க டீச்சரோடு எங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சாமி அலமாரியின் கீழே அது உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, அண்ணாச்சி பை இங்கயே இருக்கு.”

“எந்தப் பை?”

“பரஸ்தானப் பை.”

ரயில் ஓடும் சத்தம். பிறகு அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கேட்பது காதில் விழுந்தது. “அண்ணாச்சி, பை உங்ககிட்டதானே இருக்கு?”

“எங்கிட்ட எங்கம்மா இருக்கு? ஒங்க வீட்டுலல்லா வச்சேன்!”

“நீங்க வந்து உங்க கையால எடுப்பேன்னு சொன்னீங்களே.”

“நாங்கதான் வரலயே! நீங்க தூக்கிட்டு வந்திருப்பீயன்னுல்லா நெனச்சேன்!”

ஆச்சியின் குரல் தூரத்தில் கேட்டது. “ரெண்டு பேருமாச் சேந்து சாஸ்திரத்த நல்லாக் காப்பாத்துனீய.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போன்மேல் போன். காட்டு லாட்ஜ்காரர் அசல் அட்டைதான் வேண்டும், போனில் காட்டும் படம் அந்த வாசலில் செல்லாது என்றார். கூரியர் வியாழன் விடிவதற்குள் சேராது. கடை ஆட்களை அனுப்பலாம் என்றால், தீபாவளி வியாபாரம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி குடும்பமே கிளம்பியதும் அந்த ஓய்வில்தான். மழையில் விமானங்கள் பாதி ரத்து. ஒவ்வொரு வழியாக அடைபட அடைபட அம்மாவின் குரல் மெதுவாகிக்கொண்டே போனது. அம்மா கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால்தான். கடைசியில், “சரி விடு. அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ படி” என்றாள். நீ படி என்று அவள் சொன்ன விதத்தில் அந்த ஆபீஸ் நாற்காலி தெரிந்தது. மேனேஜர் தெரிந்தார்.

“நான் கொண்டு வரேன்மா” என்றேன். சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பக்கம் அமைதி. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். “அம்மா?” என்றேன். “இருக்கேன்” என்றாள். மறுபடியும் அமைதி. ரயில் ஏதோ பாலத்தில் போகும் சத்தம் மட்டும் வந்தது. இந்த அமைதியை நீ ஞாபகம் வைத்துக்கொள், மகளே. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பாலம் முடிந்தது. “சரி, வா” என்றாள். “டீச்சர்கிட்ட ஃபோனைக் குடு.”

அண்ணாச்சியின் மருமகள் ஓடும் ரயிலிலிருந்தே எனக்கு இரவு வண்டியில் ஒரு பெர்த் பிடித்துக் கொடுத்துவிட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே ஞாபகம் இருக்கிறது. பையைத் தலைக்கு வை. செருப்பை மேலேயே வைத்துக்கொள். யாராவது கேட்டால் அம்மா அடுத்த பெட்டியில் இருக்கிறாள் என்று சொல். டீயும் பிஸ்கட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம். விடிந்ததும் கீழே இறங்கி, குடும்பமாக வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார். நாக்பூருக்கு முன்னால் வரும் பல்லார்ஷா தாண்டியதும் முகம் கழுவித் தலை வாரிக்கொள். “ஏன்?” என்று கேட்டேன். “தலை வாரினா தைரியம் வரும் உனக்கு. பரீட்சை அன்னிக்கெல்லாம் பாத்திருக்கேன்” என்றாள். யார் யாருக்கோ அளவெடுத்துப் பயணம் போடுகிறாளே, எனக்கு எப்போது போடுவாள் என்று நான் நினைத்ததுண்டு. என் அளவெல்லாம் அவளிடம் முன்னாலேயே இருந்திருக்கிறது.

கிளம்பும் நேரத்தில் ஆச்சி போனில் வந்தார். “ஏ புள்ள, செவ்வாக்கெழம, நீ வடக்க வாற. ஒரு வாய்ப் பால் குடிச்சிட்டுக் கெளம்பு. சூலம் ஒண்ணும் செய்யாது.” ஸ்டெல்லா டீச்சர் சிரித்துக்கொண்டே பால் காய்ச்சினார். “எங்க வீட்டுப் பாலுக்கு உங்க சூலம் கட்டுப்படுமான்னு கேளு” என்றார். கேட்டேன். “பாலு எந்த வீட்டுதா இருந்தாலும் பாலுதான். டீச்சரம்மாவயும் ஒரு வாய் குடிக்கச் சொல்லு, மழயில நனையப்போறாக” என்றார் ஆச்சி. இருவரும் குடித்தோம். டீச்சர் என் நெற்றியில் சிலுவை போட்டார். மழையில் ஆட்டோக்காரர் முதலில் வரமாட்டேன் என்றார். “இன்னா டீச்சர், ஊரே மெதந்துகினு கீது, சென்ட்ரலான்றீங்க?” நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாரோ என்னவோ, “ஏறும்மா, கால மேல தூக்கி வெச்சிக்க” என்றார். ராதாகிருஷ்ணன் சாலையில் தண்ணீர் உள்ளேயே வந்தது. நான் காலைத் தூக்கவில்லை, பையைத் தூக்கினேன்.

இப்போது விஜயவாடா தாண்டியிருக்கும். எதிர் பெர்த்தில் இருப்பவர் ஏறும்போதே, “தனியாவா போற? எங்க? யார் வருவாங்க கூப்பிட?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் அம்மா அடுத்த பெட்டியில் இருக்கிறாள் என்று சொன்னேன். சொல்லும்போது அது பொய் மாதிரித் தெரியவில்லை. பயம் இன்னும் போகவில்லை. நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. பயம் வரும்போதெல்லாம் கையை நீட்டிப் பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். பயத்துக்கும் ஒரு வேலை இருந்தால் அது கத்தாமல் அந்த வேலையைப் பார்க்கிறது. உனக்கு எப்போதாவது இப்படி நேர்ந்தால், பயப்படாதே என்று யார் சொன்னாலும் கேட்காதே. எதையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்.

மகளே, மீதியை லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. பக்கத்துக் கட்டிலில் அம்மா தூங்குகிறாள்.

நாக்பூரில் இறங்கியபோது அம்மா பிளாட்பாரத்தில் நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, நான் கூட்டத்தில் வழி கண்டுபிடித்து வருவதை முழுக்கப் பார்த்தாள். அருகில் வந்ததும் என் தலையைப் பார்த்து, “வாரியிருக்கே” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அண்ணாச்சி காரில் காத்திருந்தார். பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இப்பத்தான் தாயி நாங்க கெளம்புனதாக் கணக்கு. எங்க பயணத்த நீயில்லா நடத்திக் கூட்டிட்டு வந்திருக்க” என்றார்.

இன்று விடியற்காலை, இருட்டும் பனியுமாக இருந்தபோது காட்டு வாசலில் நின்றோம். காவலர் ஒவ்வோர் அட்டையாக வாங்கி, முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, பெயரைச் சரிபார்த்தார். எட்டு அட்டை. அம்மாவுடையது ஒன்பதாவது. என் பெயர் அனுமதியில் இல்லை. எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆச்சி மட்டும், “இந்தப் புள்ளைய விட்டுட்டு நாம எப்பிடிப் போவ?” என்று ஜீப்பிலிருந்து இறங்கப் பார்த்தார். “நீங்க போய் நடக்கறதைப் பாத்துட்டு வாங்க ஆச்சி, நான் இங்கதான் இருப்பேன்” என்றேன். சேற்றுப் பச்சைப் புடவையில் அவர் பாதி இருட்டாகத் தெரிந்தார். கம்பிக் கதவு திறந்தது. வழிகாட்டி ஏறிக்கொண்டார். ஜீப் என்னைத் தாண்டும்போது அம்மா கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டாள். எங்கே பார்க்கச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. திரும்பினால், அவள் கண் என்மேல்தான் இருந்தது.

வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா ஹிந்தியில் ஏதோ கேட்டார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், டீ வந்தது. வெளிச்சம் வந்தது. உள்ளே எங்கேயோ மான் ஒன்று திரும்பத் திரும்பக் குரைக்கிற மாதிரிக் கத்தியது. அப்படிக் கத்தினால் புலி நடக்கிறது என்று அம்மா வீட்டில் சொல்லியிருக்கிறாள். நான் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், கிண்டியில் உட்கார்ந்த மாதிரி. பயமே இல்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜீப்புகள் திரும்பி வந்தபோது மூத்த மாப்பிள்ளைகூடப் பேசவில்லை. ஆச்சியை இரண்டு பேராகப் பிடித்து இறக்கினார்கள். நேராக என்னிடம் வந்தார். பார்த்தீங்களா ஆச்சி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவும் இல்லை. அவர் கண் போன பக்கம் மூடிக்கொண்டிருந்த கம்பிக் கதவும் அதற்கு அப்பால் காட்டுப் பாதையும் இருந்தன. நானும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் அண்ணாச்சி, “கோடை லீவுக்கு எந்தக் காடும்மா?” என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அமைதியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே. நீ வளர்ந்த பிறகு ஒருநாள் எங்கிருந்தோ எனக்குப் போன் செய்து, நான் போகிறேன் அம்மா என்று சொல்வாய். எங்கே என்று இப்போது எனக்குத் தெரியாது. நான் உடனே பதில் சொல்லமாட்டேன். லைன் போய்விட்டதென்று நினைத்து வைத்துவிடாதே. இன்று இவ்வளவு பெருமையோடு இதை எழுதுகிறவளுக்கும் அன்று வாய் எழாது. நடுவில் ஒரு பாலம் வரும், அதைத் தாண்ட அம்மாக்களுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஒருவேளை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இந்தக் கடிதத்தை எடுத்து எனக்குப் படித்துக் காட்டு. படித்து முடித்ததும், ஒரு வாய்ப் பால் குடித்துவிட்டுக் கிளம்பு.

உனக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா